23, 25, 28, 32: ரோடு பைக்குக்கு ஏற்ற டயர் அகலத்தைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

விடியற்காலையில் சென்னையிலிருந்து மாமல்லபுரம் நோக்கிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் செல்லும் ரோடு பைக்குகளைக் கவனித்தால், விரலால் அழுத்தினாலும் அசையாத அளவுக்குக் காற்றடித்த மெல்லிய டயர்களை இன்றும் பலவற்றில் காணலாம். டயர் எவ்வளவு ஒல்லியாகவும் கடினமாகவும் இருக்கிறதோ அவ்வளவு வேகம் கிடைக்கும் என்பது நெடுநாள் நம்பிக்கை. நானும் பல ஆண்டுகள் 23 மி.மீ. டயரில் 110 பி.எஸ்.ஐ. காற்றடித்து ஓட்டியிருக்கிறேன். 100 கி.மீ. முடிந்து வீடு திரும்பும்போது உள்ளங்கை மரத்துப் போயிருப்பதை வேகத்துக்குக் கொடுக்க வேண்டிய விலையென்றே நினைத்திருந்தேன். 28 மி.மீ. டயருக்கு மாறிய பிறகு அதே சாலையை அதே நேரத்தில் கடக்க முடிந்தது, கை மரப்பதும் நின்றது. அதன் காரணத்தைத் தேடியபோது கற்றுக்கொண்டவற்றையும், டயர் வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய அளவீடுகளையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் எண்களைப் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். 700×28 என்றும், அதனருகே 28-622 என்றும் இருக்கும். இரண்டாவது முறைதான் குழப்பமில்லாதது. அதில் 28 என்பது காற்றடித்த டயரின் அகலத்தையும், 622 என்பது டயரின் ஓரம் ரிம்மில் உட்காரும் இடத்தின் விட்டத்தையும் மில்லிமீட்டரில் குறிக்கின்றன. ரோடு பைக்குகளில் பெரும்பாலானவை 622 அளவைச் சேர்ந்தவை. அந்த எண் பொருந்தினால்தான் டயர் ரிம்மில் ஏறும் என்பதால், அகலத்தைப் பற்றி யோசிப்பதற்கு முன் அதைச் சரிபார்த்துவிடுங்கள். அச்சிட்டிருக்கும் அகலமும் அப்படியே கிடைப்பதில்லை. ரிம்மின் உள்ளகலம் ஒவ்வொரு மில்லிமீட்டர் கூடும்போதும் டயர் ஏறக்குறைய 0.4 மி.மீ. விரிகிறது. ஆகையால் 15 மி.மீ. உள்ளகலமுள்ள பழைய ரிம்மில் 25 மி.மீ. அளந்த ஒரு டயர், 21 மி.மீ. உள்ளகலமுள்ள புதிய ரிம்மில் 27 மி.மீ.க்கு மேல் வந்து நிற்கும்.

வேகம் எங்கே இழக்கப்படுகிறது?

டயர் தரையைத் தொடும் இடத்தில் நசுங்குகிறது, அங்கிருந்து விலகும்போது மீண்டும் நிமிர்கிறது. நசுங்குவதற்கு நாம் செலவிட்ட ஆற்றலை ரப்பரும் அதற்குள்ளிருக்கும் நூல் அடுக்கும் முழுவதுமாகத் திருப்பித் தருவதில்லை. ஒரு பகுதி வெப்பமாகப் போய்விடுகிறது. இந்த இழப்பையே உருளல் தடை என்கிறோம். தரையைத் தொடும் பரப்பு எவ்வளவு என்பதை டயரின் அகலம் தீர்மானிப்பதில்லை. அந்தச் சக்கரம் தாங்கும் எடையும் உள்ளிருக்கும் காற்றின் அழுத்தமுமே பெரும்பாலும் தீர்மானிக்கின்றன. பின்சக்கரம் 44 கிலோ சுமந்து, உள்ளே 65 பி.எஸ்.ஐ. அழுத்தம் இருந்தால், தொடுபரப்பு ஏறக்குறைய 9.6 சதுர சென்டிமீட்டர், அதாவது ஒரு தீப்பெட்டியின் மேல்பரப்பில் பாதியைவிடச் சற்றே கூடுதல். இதே அழுத்தத்தில் ஒல்லியான டயரின் தொடுபரப்பு நீண்டு குறுகியும், அகலமான டயரின் தொடுபரப்பு குட்டையாகவும் பரந்தும் அமையும். நீண்டு குறுகிய தொடுபரப்புக்காக டயரின் பக்கச்சுவர் அதிகமாக வளைய வேண்டியிருக்கிறது, வளைவு கூடக் கூட இழப்பும் கூடுகிறது. எனவே ஒரே தயாரிப்பைச் சேர்ந்த, ஒரே அழுத்தத்தில் இருக்கும் இரண்டு டயர்களை ஒப்பிட்டால் அகலமானதே சற்று இலகுவாக உருளும்.

ஆனால் இரண்டையும் ஒரே அழுத்தத்தில் யாரும் ஓட்டுவதில்லை, ஓட்டவும் கூடாது. அழுத்தம் மாறாமல் இருக்கும்போது, டயரின் உறையில் ஏற்படும் இழுவிசை அதன் குறுக்களவுக்கு ஏற்ப வளர்கிறது. அதனால் 28 மி.மீ. டயரில் 23 மி.மீ.க்குரிய அழுத்தத்தை அடித்தால் அது ஒல்லி டயரைவிடவும் கல்லாக இருக்கும். அகல டயரை வாங்கியபின் பழைய பழக்கத்தில் 100 பி.எஸ்.ஐ. அடித்துவிட்டு, இதில் என்ன சுகம் என்று கேட்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். அகல டயர் தரும் உண்மையான பயன், அழுத்தத்தைக் குறைக்க அது இடம் கொடுப்பதுதான். குறைத்த அழுத்தத்தில், வழவழப்பான தரையில் அகல டயரும் ஒல்லி டயரும் கிட்டத்தட்டச் சமமாகிவிடும். தரை கரடுமுரடாகும்போதுதான் வேறுபாடு தெரியத் தொடங்குகிறது.

கரடுமுரடான தாரில் கடினமான டயர் ஒவ்வொரு மேட்டிலும் வண்டியையும் ஓட்டுபவரையும் சில மில்லிமீட்டர் தூக்கிப் போடுகிறது. அந்தத் தூக்கலுக்கான ஆற்றல் நம் கால்களிலிருந்தே வர வேண்டும். நம் தசைகளும் உடலும் அந்த அதிர்வை உறிஞ்சி வெப்பமாக்கிவிடுகின்றன. மென்மையான டயரோ மேட்டைத் தனக்குள் வாங்கிக்கொண்டு முன்னே உருள்கிறது. வழவழப்பான எஃகு உருளையில் டயரைச் சுழற்றிச் செய்யும் சோதனைகளில் அழுத்தம் ஏற ஏற உருளல் தடை குறைந்துகொண்டே போவதுபோல் தெரிந்ததற்குக் காரணம், அந்தச் சோதனையில் தூக்கிப் போடப்படும் மனித உடல் இல்லாததே. உண்மையான சாலையில் ஒரு குறிப்பிட்ட அழுத்தம்வரை தடை குறையும், அதைத் தாண்டினால் அதிர்வு இழப்பு எழுந்து மொத்தத் தடை மீண்டும் ஏறத் தொடங்கும். சாலை மோசமாக இருக்க இருக்க அந்தத் திருப்புமுனை கீழே இறங்குகிறது. கடின டயரில் உடம்பெல்லாம் அதிர்வதால் வேகமாகப் போவதுபோன்ற உணர்வு எழுவதும் உண்டு. நேரத்தை அளந்து பார்க்கும்வரை அந்த உணர்வை நம்ப வேண்டாம்.

இது புதிய கண்டுபிடிப்பும் இல்லை. 1888இல் பெல்ஃபாஸ்டில் ஜான் பாய்டு டன்லப் காற்றடைத்த டயரைத் தன் மகனின் மூன்று சக்கர வண்டிக்காக உருவாக்கினார். மறு ஆண்டே அதே ஊரில் வில்லி ஹியூம் என்ற ஓட்டக்காரர் அந்த டயருடன் களமிறங்கி, திட ரப்பர் டயரில் வந்தவர்களை வென்றார். மெத்தென்று இருப்பது மந்தமாகத்தான் போகும் என்ற எண்ணம் அன்றைக்கே உடைந்துவிட்டது. ஆயினும் தொழில்முறைப் பந்தயங்களில் 2000களிலும் 23 மி.மீ. டயரே வழக்கமாக இருந்தது. அதற்கு அடுத்த பத்தாண்டில் 25 பரவியது, இப்போது 28 சாதாரணமாகிவிட்டது. 2018இல் சாலைப் பந்தயங்களில் டிஸ்க் பிரேக் முறைப்படி அனுமதிக்கப்பட்டதும், டயரின் அகலத்தைக் கட்டுப்படுத்திவந்த ரிம் பிரேக்கின் கவ்வி இல்லாமல் போனதும் இதற்கு உதவின. சுமார் 55 கி.மீ. தொலைவுக்குக் கற்கள் பதித்த பாதையில் செல்லும் பாரிஸ்–ரூபே பந்தயத்தில் 2024ஆம் ஆண்டு மாத்தியூ வான் டெர் போல் மணிக்கு ஏறத்தாழ 47.8 கி.மீ. சராசரி வேகத்தில் வென்றார், அது அப்பந்தயத்தின் அதுவரையிலான உச்ச வேகம். அந்த வேகத்துக்குக் காற்றின் திசை, குழுவின் உத்தி எனப் பல காரணங்கள் உண்டு. ஆனால் இப்போது அங்கே 30 மி.மீ.யும் அதற்கு மேலும் அகலமுள்ள டயர்களே வழக்கமாகிவிட்டன என்பதும், அவை யாருடைய வேகத்தையும் கெடுக்கவில்லை என்பதும் உறுதி.

எண்களில் பார்த்தால் இதன் அளவு விளங்கும். வண்டியும் ஓட்டுபவரும் சேர்ந்து 80 கிலோ என்று கொள்வோம். சமதளத்தில் மணிக்கு 30 கி.மீ. வேகத்தில், நல்ல பந்தய டயரின் உருளல் தடைக் கெழு (எடையில் எத்தனை பங்கு தடையாகிறது என்பதைச் சொல்லும் எண்) 0.004 என்றால் டயர்கள் சுமார் 26 வாட் எடுத்துக்கொள்கின்றன. தடித்த சாதாரண டயரின் கெழு 0.007 என்றால் 46 வாட். காற்றுத்தடையோ அதே வேகத்தில் ஏறத்தாழ 110 வாட் கேட்கிறது. 20 வாட் வேறுபாடு பெரியது என்பதைக் கவனியுங்கள். ஆனால் அந்த வேறுபாடு அகலத்தால் வந்ததில்லை, டயரின் உறையும் ரப்பரும் எப்படிச் செய்யப்பட்டிருக்கின்றன என்பதால் வந்தது. முள் குத்தாமலிருக்கத் தடித்த அடுக்கு வைத்த, விறைப்பான 28 மி.மீ. டயர் ஒன்று, நெகிழ்வான நூலடுக்குடைய 23 மி.மீ. டயரைவிட மந்தமாகவே உருளும். கடையில் அகலத்தை மட்டும் பார்த்து வாங்கி ஏமாறுவதற்குக் காரணம் இதுவே.

காற்றுத்தடை என்று வரும்போது ஒல்லி டயருக்கு ஒரு நியாயம் இருக்கிறது. ஜோஷ் போர்ட்னர் என்ற பொறியாளரின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் 105 விதி, ரிம்மின் வெளியகலம் டயரின் உண்மையான அகலத்தைவிடக் குறைந்தது 5 சதவீதம் கூடுதலாக இருக்க வேண்டும் என்கிறது. அப்படியிருந்தால்தான் டயரைத் தாண்டி வரும் காற்று ஆழமான ரிம்மின் மேல் ஒட்டி நழுவிச் செல்லும். டயர் ரிம்மைவிடப் புடைத்திருந்தால் காற்று பிரிந்து சுழலும். மணிக்கு 40 கி.மீ.க்கு மேல் தனியாக ஓட்டும் நேரப் பந்தயத்தில், ஆழமான ரிம்மும் நல்ல சாலையும் உள்ளவருக்கு முன்சக்கரத்தில் 25 மி.மீ. டயர் போடுவதில் பொருள் உண்டு. மணிக்கு 25 முதல் 32 கி.மீ. வேகத்தில், பல மணி நேரம் ஓட்டும் நம்மில் பெரும்பாலோருக்கு இந்தக் கணக்கு ஓரிரு வாட்டுகளைத் தாண்டாது. டயரின் எடையும் அப்படியே. 25க்கும் 28க்கும் இடையே இருக்கும் சில பத்து கிராம்கள் ஏற்றத்திலும் உணரத்தக்க வேறுபாட்டைத் தருவதில்லை.

பாதுகாப்பில் அகலம் செய்வதும் செய்யாததும்

எனக்கு இந்தப் பகுதியே முக்கியமானது. ஒருமுறை பாலம் ஒன்றில், போகும் திசையிலேயே நீண்டிருந்த கான்கிரீட் பலகைகளின் இடைவெளியில் என் முன்சக்கரம் இறங்கியது. 23 மி.மீ. டயர் அந்தப் பிளவுக்குள் அளவெடுத்ததுபோல் உட்கார்ந்துகொண்டது, ஹேண்டில்பார் திரும்ப மறுத்தது, அடுத்த நொடி நான் தரையில் கிடந்தேன். பின்னால் லாரி எதுவும் வராததே நான் தப்பியதற்குக் காரணம். பிளவின் அகலம் டயரின் அகலத்தைவிடக் குறைவாக இருந்தால் சக்கரம் அதன்மேல் ஏறிக் கடந்துவிடும், கூடுதலாக இருந்தால் உள்ளே விழும். சில மில்லிமீட்டர் வேறுபாட்டுக்கு இவ்வளவு மதிப்புள்ள இடம் வேறில்லை. சாக்கடை மூடியின் கம்பிகள், புதுத் தார் போடுவதற்காகச் சுரண்டிவிடப்பட்ட சாலையின் நெடுக்குக் கீறல்கள், ரயில்வே கேட்டின் தண்டவாளங்கள் ஆகியவற்றுக்கும் இது பொருந்தும். ஆனால் தண்டவாளத்தின் இடைவெளி 32 மி.மீ. டயரையும் விழுங்கும் அளவுக்கு அகலமானது. அங்கே டயரை நம்பாமல், வேகத்தைக் குறைத்து, தண்டவாளத்துக்குச் செங்குத்தாக வண்டியைத் திருப்பிக் கடப்பதே வழி.

அடுத்தது பிடிப்பு. கரடுமுரடான வளைவில் கடினமான டயர் மேட்டுக்கு மேடு தாவுகிறது, தாவும் அந்தக் கணத்தில் தரையைத் தொடுவதில்லை. தொடாத டயரால் வளையவும் முடியாது, நிற்கவும் முடியாது. குறைந்த அழுத்தத்திலுள்ள அகல டயர் தரையின் ஏற்ற இறக்கத்தைப் பின்தொடர்ந்து ஒட்டியே செல்கிறது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலோ வால்பாறையின் 40 வளைவுகளிலோ இறங்கும்போது, வளைவின் உள்பக்கத்தில் சிதறிக் கிடக்கும் சரளையிலும் பெயர்ந்த தாரிலும் இந்த வேறுபாட்டை உணரலாம். டெல்டா மாவட்டங்களில் அறுவடைக் காலத்தில் சாலையிலேயே நெல்லைக் காயப்போட்டிருப்பார்கள். உருளும் நெல்மணிகளின்மேல் எந்த அகலமும் பிடிப்பைத் தராது. அந்த இடத்தில் பிரேக்கையும் தொடாமல், ஹேண்டில்பாரையும் திருப்பாமல் நேராகக் கடக்க வேண்டும். நீண்ட வெயிலுக்குப் பின் பெய்யும் முதல் மழையில் எண்ணெயும் தூசியும் கலந்து வழுக்கும் தாருக்கும், ஈரமான வெள்ளைக் கோடுகளுக்கும் இதையே சொல்வேன்.

நின்றுவிடும் தூரத்தைப் பற்றியும் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. காய்ந்த நல்ல சாலையில் முன்பிரேக்கை முழுமையாகப் பிடித்தால், டயர் வழுக்குவதற்கு முன்பே பின்சக்கரம் தரையிலிருந்து எழும்பிவிடும். அதாவது அங்கே எல்லையிடுவது நம் உடல் எடை இருக்கும் உயரம். டயரின் அகலம் அந்த எல்லையை மாற்றுவதில்லை. ஈரச் சாலையிலும் உடைந்த சாலையிலும்தான் டயரின் பிடிப்பு எல்லையாகிறது, அகலமும் குறைந்த அழுத்தமும் அங்கே உதவுகின்றன. மழைநீரில் சைக்கிள் டயர் மிதந்துவிடும் என்று அஞ்சி, ஆழமான வரிகளுள்ள டயரைத் தேட வேண்டிய தேவையில்லை. விமான டயர்களுக்காக உருவான கணக்கின்படி, 60 பி.எஸ்.ஐ. அழுத்தமுள்ள டயர் தண்ணீரின்மேல் மிதக்க மணிக்கு ஏறத்தாழ 130 கி.மீ. வேகம் வேண்டும். தார்ச் சாலைக்கு ஏறக்குறைய வழவழப்பான டயரே போதும். ஈரத்தில் பிடிப்பது ரப்பரின் தன்மைதான்.

பஞ்சரில் இரண்டு வகையைப் பிரித்துப் பார்க்க வேண்டும். எதிர்பாராத வேகத்தடையிலோ பள்ளத்தின் விளிம்பிலோ மோதும்போது, ட்யூப் ரிம்முக்கும் கல்லுக்கும் இடையில் நசுங்கி, பாம்பு கடித்ததுபோல் அடுத்தடுத்து இரண்டு ஓட்டைகள் விழும். டயருக்கு உயரம் கூடினால் இது குறையும். சீமைக் கருவேல முள் குத்துவது வேறு. அகலமான டயர் அகலமான தடத்தில் உருள்வதால் முள்ளைச் சந்திக்கும் வாய்ப்பும் குறைவதில்லை. அதற்குத் தேவை டயருக்குள் இருக்கும் பாதுகாப்பு அடுக்கு அல்லது ட்யூப் இல்லாத டயரில் ஊற்றும், ஓட்டையை அடைக்கும் திரவமான சீலண்ட். நம் வெயிலில் சீலண்ட் விரைவில் காய்ந்துவிடும் என்பதால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை திறந்து பார்த்து நிரப்ப வேண்டும்.

வாங்குவதற்கு முன் அளக்க வேண்டியவை

எந்த அகலம் சிறந்தது என்ற கேள்விக்கு முன்பு, எந்த அகலம் உங்கள் வண்டியில் நுழையும் என்று கேளுங்கள். இப்போதிருக்கும் டயரை வழக்கமான அழுத்தத்துக்குக் காற்றடித்து, அதன் மிக அகலமான இடத்தை வெர்னியர் அளவுகோலால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு டயருக்கும் முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கின் இரு கால்களுக்கும் இடையிலும், டயரின் உச்சிக்கும் ஃபோர்க்கின் தலைக்கும் இடையிலும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். பின்னால், பெடல் அச்சுக்கு அருகில் சட்டத்தின் குழாய்கள் குறுகும் இடத்தையும், இருக்கைக் குழாயின் பின்புறத்தையும் பாருங்கள். அளவுகோல் நுழையாத இடத்தில் 4 மி.மீ. அலன் கீயைச் செருகிப் பார்ப்பது எளிது. புதிய டயர் ஏறிய பிறகும் எல்லாப் பக்கமும் அந்தச் சாவி தடையில்லாமல் நுழைய வேண்டும் என்பது என் கணக்கு. வண்டியைத் தயாரித்தவர் அதிகபட்ச டயர் அகலம் என்று ஏதாவது குறிப்பிட்டிருந்தால் அதை மீற வேண்டாம். டயர் 3 மி.மீ. அகலமானால் பக்கத்துக்கு 1.5 மி.மீ. இடைவெளி குறையும், உயரத்திலும் ஏறக்குறைய 3 மி.மீ. குறையும், இந்த இரண்டாவதை மறப்பவர்களே அதிகம்.

ஏன் இவ்வளவு இடைவெளி? ஸ்போக் ஒன்று அறுந்தால் சக்கரம் ஒரு பக்கமாகச் சில மில்லிமீட்டர் ஆடத் தொடங்கும். இடைவெளி இல்லாத வண்டியில் டயர் சட்டத்தில் உரசும், கார்பன் சட்டமாக இருந்தால் அறுத்தே விடும். ஈரச் சாலையில் டயரில் ஒட்டிவரும் சரளைக்கல் ஃபோர்க்கின் தலையில் சிக்கினால் முன்சக்கரம் பூட்டிக்கொள்ளும். அகல டயரைப் பாதுகாப்புக்காகப் போட்டுவிட்டு இப்படி ஓர் ஆபத்தை விலைக்கு வாங்கக் கூடாது. ரிம் பிரேக் உள்ள வண்டியில் பிரேக்கின் கவ்விக்கு அடியிலுள்ள உயரமே முதலில் தடுக்கும். பழைய வண்டிகள் பலவற்றில் 25 மி.மீ.யுடனும், சிலவற்றில் 28 மி.மீ.யுடனும் அது முடிந்துவிடும். 28 உள்ளே சுழன்றாலும், சக்கரத்தைக் கழற்றும்போது காற்றடித்த டயர் பிரேக் கட்டைகளுக்கிடையே வராமல் போகலாம். கவ்வியைத் தளர்த்தும் நெம்புகோல் இருக்கிறதா என்று பாருங்கள். முன்னால் 28 நுழைந்து பின்னால் 25 மட்டுமே நுழையுமானால், அப்படியே போட்டுக்கொள்வதில் தவறில்லை. பின்சக்கரம் வழுக்கினால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம், முன்சக்கரம் வழுக்கினால் விழுவதுதான் நடக்கும். ஆகவே கூடுதல் பிடிப்பு முன்னால் இருப்பதே நல்லது.

ரிம்மையும் டயரையும் பொருத்துவது அடுத்த வேலை. 13 அல்லது 15 மி.மீ. உள்ளகலமுள்ள ரிம்மில் 32 மி.மீ. டயரை ஏற்றினால், அது மின்விளக்கின் குமிழ்போல் மேலே புடைத்து, வளைவில் பக்கவாட்டில் நெளியும். 17 முதல் 21 மி.மீ. உள்ளகலத்துக்கு 25 முதல் 32 வரையிலான டயர்கள் இயல்பாகப் பொருந்தும். அதைவிட அகலமான ரிம்களுக்கு ஒல்லி டயர் ஆபத்தானது, ஏனெனில் டயரின் ஓரம் உறுதியாகப் பிடிக்க இடமிருக்காது. உள்விளிம்பில் கொக்கி இல்லாத ரிம்களில் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். அவற்றில் 5 பார், அதாவது சுமார் 72 பி.எஸ்.ஐ.க்கு மேல் காற்றடிக்கக் கூடாது, ரிம் தயாரிப்பாளர் ஒப்புக்கொண்ட டயர்களை மட்டுமே போட வேண்டும், சாதாரண ட்யூப் டயரை ஏற்றவே கூடாது. 2024 பிப்ரவரியில் யுஏஇ டூர் பந்தயத்தில் தாமஸ் டி கென்ட் இத்தகைய ரிம்மிலிருந்து டயர் கழன்று விழுந்தபின், தொழில்முறை வட்டாரத்திலேயே இதைப் பற்றிப் பெரிய விவாதம் எழுந்தது. கொக்கி உள்ள ரிம்மானாலும், டயரில் அச்சிட்ட உச்ச அழுத்தம், ரிம்மில் அச்சிட்ட உச்ச அழுத்தம் ஆகிய இரண்டில் எது குறைவோ அதுவே உங்கள் எல்லை.

அழுத்தத்தைக் கண்டுபிடித்தல்

வண்டி, உடல், தண்ணீர் பாட்டில் எல்லாம் சேர்ந்து 80 கிலோ என்றால், டயரின் உண்மையான அகலம் 25 மி.மீ. இருக்கும்போது முன்னால் 75, பின்னால் 80 பி.எஸ்.ஐ. என்று தொடங்கலாம். 28 மி.மீ.க்கு முறையே 62, 66; 32 மி.மீ.க்கு 50, 54. எடை 10 கிலோ கூடினால் இவற்றோடு 5 முதல் 7 பி.எஸ்.ஐ. சேர்க்க வேண்டும், குறைந்தால் அதே அளவு கழிக்க வேண்டும். இவை தொடக்கப் புள்ளிகள் மட்டுமே. பெட்ரோல் பங்க் காற்றை நம்பாமல், அளவு காட்டும் தரைப் பம்ப் ஒன்றை வாங்குவது, விலையுயர்ந்த டயர் வாங்குவதைவிட முதலில் செய்ய வேண்டிய செலவு.

தொடக்கப் புள்ளி சரியா என்று பார்க்க ஒரு வழி உண்டு. நண்பர் ஒருவரின் உதவியோடு, வண்டியில் யாரும் இல்லாதபோது ரிம்மின் விளிம்புக்கும் தரைக்கும் இடையிலுள்ள உயரத்தை அளந்துவிட்டு, நீங்கள் சுவரைப் பிடித்தபடி ஓட்டும் நிலையில் உட்கார்ந்ததும் மீண்டும் அளக்கச் சொல்லுங்கள். டயரின் உயரத்தில் 15 சதவீதம் இறங்குவது சரியானது என்பது அமெரிக்கப் பொறியாளர் ஃபிராங்க் பெர்ட்டோ வகுத்த அளவுகோல். நம் சாலைகளுக்கு 18 சதவீதம்வரை, மோசமான பாதையில் 20 வரை இறங்குவதை நான் ஏற்கிறேன், 28 மி.மீ. டயரில் இது 5 மி.மீ.யைச் சுற்றி வரும். அங்கிருந்து, தினமும் செல்லும் சாலையில் ஒவ்வொரு முறையும் 3 பி.எஸ்.ஐ. குறைத்துப் பாருங்கள். வளைவில் வண்டி தாமதமாகத் திரும்புவதுபோலவோ, எழுந்து நின்று மிதிக்கும்போது டயர் நெளிவதுபோலவோ, வேகத்தடையில் ரிம் தட்டும் ஒலி கேட்பதுபோலவோ தோன்றினால் எல்லையைத் தாண்டிவிட்டீர்கள், 4 பி.எஸ்.ஐ. கூட்டிக்கொள்ளுங்கள்.

வேகத்தைச் சோதிக்க வாட் மீட்டர் தேவையில்லை. போக்குவரத்து இல்லாத, காற்று அடங்கிய அதிகாலையில், சற்றுச் சரிவான, வழக்கமான தரமுள்ள சாலையொன்றைத் தேர்ந்தெடுங்கள். ஓரிடத்தில் நின்ற நிலையிலிருந்து மிதிக்காமல், அதே உடையில், அதே குனிந்த நிலையில் உருண்டு, குறித்த தொலைவைக் கடக்கும் நேரத்தை எழுதுங்கள். முதலில் பழைய அழுத்தத்தில் மூன்று முறையும், புதிய அழுத்தத்தில் மூன்று முறையும், மறுபடியும் பழையதில் மூன்று முறையும் செய்யுங்கள். முதலும் கடைசியும் ஒத்துவரவில்லை என்றால் காற்று மாறிவிட்டது என்று பொருள், அன்றைய கணக்கைத் தள்ளிவிடுங்கள். சக்கரத்தில் காந்தம் பொருத்திய வேகமானி வைத்திருப்பவர்கள் சுற்றளவை மாற்ற மறக்கக் கூடாது. 25 மி.மீ.க்கு 2105 மி.மீ. என்றும் 28க்கு 2136 என்றும் வைப்பது வழக்கம். மாற்றாமல் விட்டால், மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் போகும்போது 29.6 என்றுதான் காட்டும்; அகல டயர் மந்தம் என்ற முடிவுக்குச் சிலர் இப்படியும் வந்திருக்கலாம்.

வெயிலையும் கணக்கில் எடுக்க வேண்டும். 25 டிகிரியில் 65 பி.எஸ்.ஐ. அடித்த டயர், நண்பகலில் 45 டிகிரிக்குச் சூடானால் 70ஐ எட்டிவிடும். ரிம் பிரேக்குடன் ஏற்காட்டிலிருந்தோ ஊட்டியின் கல்லட்டிப் பாதையிலிருந்தோ இறங்கும்போது, இடைவிடாமல் பிரேக்கைப் பிடித்தால் ரிம் அதைவிடப் பல மடங்கு சூடாகும். விட்டுவிட்டுப் பிடித்து, நடுவில் நின்று ஆறவிட வேண்டும். உச்ச அழுத்தத்தில் காற்றடித்துக்கொண்டு மலையேறக் கூடாது.

என்னிடம் யோசனை கேட்பவர்களுக்கு, டிஸ்க் பிரேக் வண்டியாக இருந்தால் 28 மி.மீ.யில் நெகிழ்வான நல்ல டயரை முதலில் சொல்வேன். 200 கி.மீ.யை 13½ மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டிய பிரெவே எனும் நெடுந்தொலைவு ஓட்டங்களில் இரவும் தெரியாத சாலையும் கலந்திருக்கும், 300, 600 என்று தொலைவு கூடும்போது உடல் களைப்பும் சேரும். அவற்றில் ஓட்டுபவர்களுக்கு, வண்டியில் இடம் இருந்தால், 32 பொருத்தமானது. தினமும் அலுவலகம் செல்பவர்களுக்கும் 32, ஆனால் பாதுகாப்பு அடுக்குள்ளது. பழைய ரிம் பிரேக் வண்டிக்கு நுழைகிற அளவில் மிக அகலமானது, அது 25 ஆனாலும் போதும், அழுத்தத்தை 100க்குக் கீழே கொண்டுவந்தாலே பாதிப் பயன் கிடைத்துவிடும்.

டயரை மாற்றும் நாளில், பெட்டியில் அச்சிட்ட அளவைப் பார்த்து ட்யூபையும் சேர்த்து மாற்றுங்கள். 18–25 என்று குறித்த ட்யூபை 32 மி.மீ. டயருக்குள் இழுத்து விரித்தால் அது மெலிந்து எளிதில் கிழியும். பாதிக் காற்றடித்ததும் சக்கரத்தைச் சுழற்றி, டயரின் ஓரத்தில் ரிம்மையொட்டி ஓடும் மெல்லிய கோடு சுற்றிலும் ஒரே உயரத்தில் இருக்கிறதா என்று இரு பக்கமும் பார்த்த பிறகே மீதிக் காற்றை அடிக்க வேண்டும். புதிய டயர் முதல் சில நாட்களில் சற்று விரியும். ஆகவே முதல் 100 கி.மீ. முடிந்ததும் வெர்னியர் அளவுகோலை மீண்டும் எடுத்து அகலத்தை அளந்து, அலன் கீயைச் சட்டத்தின் எல்லா இடைவெளிகளிலும் இன்னொரு முறை செருகிப் பாருங்கள்.